மாருதி 800 காரின் மீட்டர் விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றிய செய்முறைப் பதிவு

கடலூரில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மாருதி 800, கார்புரேட்டருக்குப் பதில் எம்பிஎஃப்ஐ என்னும் எரிபொருள் பீய்ச்சும் முறை வந்த பிறகு தயாரான வண்டி. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட அந்த வரிசையின் வண்டிகள் இந்தக் கடற்கரை ஊர்களில் இன்னும் நிறையவே தென்படுகின்றன. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உதிரி பாகம் கிடைப்பதில் சிரமமில்லை; ஆனால் மீட்டர் வெளிச்சம் மங்கிப்போவதை யாரும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்வதில்லை. பகலில் மட்டும் ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது. முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் வளாகத்தின் வெளிச்சம் பின்னால் போன பிறகு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் இருட்டில் வரும்போதுதான், வேகமுள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை அறியக் கண்ணைச் சாலையிலிருந்து எடுத்துச் சற்று நேரம் கீழே பார்க்க வேண்டியிருக்கிறது என்பது உறைக்கும். எதிரே லாரிகள் ஹைபீமை இறக்காமல் வரும் சாலையில் அந்தச் சற்று நேரம் மிகப் பெரியது.

ஆகவே இந்த வேலையில் எனக்கு இருந்த நோக்கம் ஒன்றே: எண்களும் முள்ளும் ஒரே சீராக, கண்ணை உறுத்தாத அளவில், ஒரு பார்வையில் படிக்கத் தெரிய வேண்டும். மீட்டர் பளிச்சென்று ஜொலிக்க வேண்டும் என்பது நோக்கமன்று. பாகங்களைத் தேர்ந்தெடுத்ததிலிருந்து கடைசியில் ஒளியின் அளவை நிறுத்தியது வரை எல்லா முடிவுகளும் இதிலிருந்து பிறந்தவை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வண்டிக்கு வெகுகாலமாக வயரிங் வேலை பார்த்துவரும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் முதலில் யோசனை கேட்டேன். "தாராளமா மாத்துங்க தம்பி. ஆனா டைனமோ பல்பை மட்டும் தொடாதீங்க, அது பல்பாவே இருக்கட்டும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "மாத்தினா சார்ஜ் ஏறாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, காத்திருந்த ஆட்டோ ஒன்றின் செல்ஃப் மோட்டாரைக் கழற்றப் போய்விட்டார். அவர் டைனமோ என்று சொன்னது, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை; டைனமோ பல்பு என்றது மீட்டரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கை. அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்பதைப் பின்னர் நானே அளந்து பார்த்து அறிந்தேன். எல்.இ.டி. மாற்றம் குறித்து நான் எழுத நினைத்தவற்றுள் முக்கியமானதும் அதுவே: மீட்டருக்குள் இருக்கும் பல்புகளில் சில வெறும் விளக்குகள், சில, விளக்காக இருந்துகொண்டே வேறொரு சுற்றின் மின்தடையாகவும் வேலை செய்பவை. முதல் வகையைத் தயங்காமல் மாற்றலாம். இரண்டாம் வகையைத் தொடுவதற்கு முன் அந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் பத்தாம் நம்பர் ஸ்பானரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். மீட்டரின் மேல்மூடியைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றினால் மூடி கையோடு வந்துவிடும். அடுத்து மீட்டர்ப் பெட்டியின் திருகுகள். பெட்டி முன்னால் வர மறுப்பதற்குக் காரணம் பின்னால் செருகியிருக்கும் ஸ்பீடோமீட்டர் கேபிள். அது குட்டையானது, பானட்டைத் திறந்து, கேபிள் உள்ளே நுழையும் ரப்பர் வளையத்தின் வழியாக ஒருவர் அதைச் சற்று உள்ளே தள்ளிக்கொடுத்தால், பெட்டிக்குப் பின்னால் கை நுழையும் அளவுக்கு இடம் கிடைக்கும். என் தங்கை மகன் வெளியிலிருந்து தள்ளிக்கொடுக்க, நான் பின்னால் விரலை விட்டுக் கேபிளின் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்தி விடுவித்தேன். பிளாஸ்டிக் வயதானது, வெயிலில் முறுகியது; இழுப்பதற்குப் பதில் அழுத்தி விடுவிப்பதே அதற்கு ஏற்றது. வயர்களின் செருகிகளான கப்ளர்களைக் கழற்றுமுன் எது எங்கே செருகியிருந்தது என்பதைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டேன்.

பெட்டியைத் திருப்பி மேசைமேல் வைத்தால் அதன் முதுகு முழுவதும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் படிந்திருக்கும். அதற்குள் செப்புத் தடங்கள் ஓடுகின்றன. வயர்களின் வேலையை அங்கே அந்தத் தடங்களே செய்கின்றன. ஒவ்வொரு பல்பும் ஒரு சிறிய கறுப்பு ஹோல்டரில் செருகப்பட்டு, அந்த ஹோல்டர் துளைக்குள் நுழைந்து கால் சுற்று திரும்பி, தன் இரு பித்தளைக் கால்களால் செப்புத் தடத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கடற்காற்று எங்கே தன் வேலையைக் காட்டும் என்பதற்கு இந்த இடத்தைவிட நல்ல சான்று வேண்டாம். ஹோல்டர்களின் கால்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஒன்றில் கால் தொடும் இடத்தில் செப்புத் தடமே கறுத்திருந்தது. புதுப் பல்பு போட்டாலும் சில மாதங்களில் வெளிச்சம் மங்கியதற்குப் பல்பு மட்டும் காரணமில்லை என்பது அப்போது தெளிவாயிற்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் வண்டி வெளியே நின்றது. உள்ளே தண்ணீர் ஏறவில்லை என்றாலும், ஈரக்காற்று பல நாள்கள் வண்டிக்குள் அடைந்து கிடந்தது. உப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் பித்தளை பச்சை பூப்பதில் வியப்பில்லை.

களிம்பைச் சுரண்டக் கத்தியைப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் செப்புத் தடம் மிக மெல்லியது. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தடம் செம்பொன் நிறத்துக்கு வந்தது. எல்.இ.டி. எதையும் போடாமல், பழைய பல்புகளையே திரும்பச் செருகி, தனி 12 வோல்ட் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தபோது வெளிச்சம் கணிசமாகக் கூடியிருந்தது. பல்பு போதும் என்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். அதில் தவறொன்றும் இல்லை.

எனினும் நான் நிறுத்தாததற்குக் காரணம் வெப்பம். பின்னொளி தரும் மூன்று பல்புகளும் டி10 வகை, அதாவது கண்ணாடிக் குமிழ் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள, அடியில் உலோக மூடியில்லாத கேப்லெஸ் பல்புகள், ஒவ்வொன்றும் 3.4 வாட். மூன்றும் சேர்ந்து பத்து வாட்டுக்கு மேல். இழை பல்பில் அந்தப் பத்து வாட்டில் மிகச் சிறு பங்கே ஒளியாகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். அந்த வெப்பம் ஓர் அடைத்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் இரவெல்லாம் இருக்கிறது. பல்புகளுக்கு நேர் மேலே, வெள்ளையாக இருந்து ஒளியைத் திருப்பியனுப்ப வேண்டிய பிளாஸ்டிக் சுவர் பழுப்பேறியிருந்தது. பல்பின்மேல் மாட்டியிருந்த பச்சை ரப்பர் உறைகள் வெளிறி, விரலால் தொட்டதும் பொடிந்தன. பழுப்பேறிய சுவரை வெள்ளை ஸ்பிரே பெயின்டால் மெல்லிய ஒரு பூச்சு பூசிக்கொண்டேன். மங்கலைச் சரிசெய்ததில் இந்தப் பூச்சுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

அடுத்து எந்த நிறத்து எல்.இ.டி. என்ற கேள்வி. இதில் பெரும்பாலோர் அழகு கருதி நீலமோ, பனிவெள்ளையோ போடுகிறார்கள். வெள்ளை எல்.இ.டி. என்று நாம் வாங்குவது உண்மையில் நீல எல்.இ.டி.தான், நீல ஒளியின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு வைத்து வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீலத்தைச் சாத்தியமாக்கியதற்காகவே இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா ஆகியோருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்பர் குறைந்தால் பனிவெள்ளை, கூடினால் இளமஞ்சள் வெள்ளை. பனிவெள்ளையில் மிச்சமிருக்கும் நீலம் இரவில் ஓட்டுபவருக்கு நல்லதன்று. இருட்டுக்குப் பழகிய கண்ணில் வேலை செய்யும் குச்சி செல்கள் 507 நானோமீட்டர் அளவிலான நீலப்பச்சை ஒளிக்கே மிகக் கூர்மையாக இருப்பவை. பகல் பார்வைக்குரிய கூம்பு செல்களின் உச்சம் 555. ஆகையால் நீலம் மிகுந்த விளக்கு, பகலில் பார்க்கும்போது அளவாகத் தோன்றினாலும், இருட்டில் தன் அளவை மீறிப் பளிச்சிட்டு, கண் சேர்த்துவைத்த இருட்டுப் பழக்கத்தைக் கலைத்துவிடும். அறிவியல் ஒருபுறம் இருக்கட்டும். பனிவெள்ளையைச் செருகி இரவில் அப்பாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தபோது, "கண்ணு கூசுதுடா, இது வேணாம்" என்று உடனே சொல்லிவிட்டார்.

பச்சையும் பார்த்தேன், ஏனெனில் பழைய உறையின் நிறம் பச்சை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. இழை பல்பின் ஒளியில் எல்லா நிறங்களும், குறிப்பாகச் சிவப்பு நிறையவே உண்டு. பச்சை உறை அதில் ஒரு பகுதியைத்தான் தடுக்கிறது. பச்சை எல்.இ.டி.யிலோ பச்சையைத் தவிர வேறெதுவும் இல்லை. வேகமுள்ளின் பெயின்ட் சிவப்பு கலந்த ஆரஞ்சு. அது திருப்பியனுப்பக் கூடிய நிறம் தன்மேல் விழவே இல்லையென்றால் முள் கறுப்பாகத்தான் தெரியும். அப்படியேதான் ஆயிற்று: எண்கள் பச்சையாக ஒளிர, கறுப்பு முகப்பின்மேல் கறுத்த முள் காணாமல் போனது. பெட்ரோல் மீட்டரில் காலியைக் காட்டும் சிவப்புக் கோடும் அதே கதி. மீட்டரில் மிக முக்கியமான பொருள் முள். அதை மறைக்கும் நிறத்துக்கு அங்கே இடமில்லை. இறுதியில் 3000 கெல்வின் அளவிலான இளமஞ்சள் வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, பச்சை உறைகளை விட்டுவிட்டேன். பழைய பல்பு வெளிச்சத்துக்கு நெருக்கமான நிறம் அது. முள்ளும் அதன் சொந்த நிறத்திலேயே தெரிந்தது.

நிறத்துக்கு அடுத்தது ஒளி பாயும் திசை. இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி வீசும். மீட்டரின் உட்புறம் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்டது. நுனியில் மட்டும் ஒரு சில்லு உள்ள எல்.இ.டி.யைப் போட்டால், அதற்கு நேரே ஒரு வட்டம் கொதிக்க, மற்ற எண்கள் இருட்டில் கிடக்கும். ஆகவே நான்கு பக்கமும் நான்கு, தலையில் ஒன்று என ஐந்து 5050 சில்லுகள் கொண்ட டி10 வகையை லாரன்ஸ் ரோடு கடையொன்றில் வாங்கினேன். 5050 என்பது சில்லின் நீள அகலம் தலா 5.0 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. இதிலும் தலைச் சில்லின் நேர் ஒளி 80க்கும் 100க்கும் இடையே ஒரு வெள்ளைப் புள்ளியாக விழுந்தது. குழாய் இணைப்புக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்று சுற்றி, தலையையும் மூடினேன். புள்ளி கரைந்து ஒளி பரவலானது. மலிவான, வெப்பத்துக்கு அசையாத, ஒளியைச் சிதறடிப்பதில் விலையுயர்ந்த தகடுகளுக்கு ஈடான பொருள் அது.

கடைகளில் 'கேன்பஸ்' என்று பெயரிட்டு விற்கும் எல்.இ.டி.க்கள் இந்த வண்டிக்குத் தேவையில்லை. பல்பு ஃபியூஸ் போயிற்றா என்று கணினி கண்காணிக்கும் புதிய கார்களை ஏமாற்ற, அவற்றுக்குள் கூடுதல் மின்தடைகள் வைத்திருப்பார்கள், அவை சூடாகும். வெப்பத்தைக் குறைக்கவே இந்த வேலை என்னும்போது அதை மீண்டும் உள்ளே கொண்டுவருவதில் பொருளில்லை.

எல்.இ.டி.யைச் செருகும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அது ஒரு திசையில்தான் மின்சாரத்தை விடும். எரியவில்லையென்றால் கழற்றித் திருப்பிச் செருகினால் போதும். மற்றொன்று பலரும் பேசாதது. கண்ணாடி பல்பின் அடிப்பகுதி தடிமனானது, எல்.இ.டி.யின் அடிப்பகுதி பெரும்பாலும் மெல்லிய சர்க்யூட் பலகை. ஹோல்டரின் பிடி அதற்குத் தளர்வாக இருப்பதால் மேசைமேல் நன்றாக எரிந்தது, வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மினுக்கும். கம்பிக்கால்களை மடித்து இரட்டையாக்கிச் செருகினால் பிடி இறுகும். மூன்றையும் அப்படியே செய்தேன்.

இனி ஒளியின் அளவு. என் வண்டியில் மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இல்லை. குமிழ் உள்ள பழைய வண்டிகளிலும் அது பெரும்பாலும் கம்பிச்சுருள் மின்தடைதான். ஓர் ஆம்பியர் அளவில் ஓடும் பல்புகளுக்கு அது போதும், மிகக் குறைந்த மின்னோட்டம் எடுக்கும் எல்.இ.டி.க்கு அந்தச் சில ஓம்கள் ஒரு பொருட்டேயல்ல. வேறொரு சிக்கலும் உண்டு. இழை சூடாகவும் ஆறவும் நேரம் எடுத்துக்கொள்வதால், ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுகையில், இண்டிகேட்டர் போடும்போதோ மின்விசிறி ஓடத் தொடங்கும்போதோ மின்னழுத்தம் சற்றுச் சரிந்து எழுவது இழை பல்பில் கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி. அந்த நொடியிலேயே பதில் சொல்லும். இண்டிகேட்டரோடு சேர்ந்து மீட்டர் முழுவதும் துடிப்பது இரவில் மிகவும் எரிச்சலூட்டும்.

இரண்டுக்கும் ஒரே தீர்வாக, மின்னழுத்தத்தை ஒரே அளவில் நிறுத்தும் எல்எம்317 என்னும் ரெகுலேட்டரைப் பயன்படுத்தினேன். கணக்கு எளிது. ஒவ்வொரு 5050 சில்லுக்குள்ளும் மூன்று எல்.இ.டி.க்கள் தொடராக இருக்கின்றன. வெள்ளைக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 3.2 வோல்ட் வீதம் 9.6 வோல்ட். ஆகவே 9 வோல்ட்டில் ஒளி மிக மங்கலாகத் தொடங்கி, 12 வோல்ட்டுக்குள் போதுமான அளவை எட்டிவிடும். எல்எம்317இன் வெளியீடு, 1.25ஐ, ஒன்றோடு இரண்டாம் மின்தடையை முதல் மின்தடையால் வகுத்துக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் கிடைக்கும். முதல் மின்தடைக்கு 240 ஓம், இரண்டாவதற்கு 1500 ஓம் நிலையான மின்தடையோடு திருகினால் தடை மாறும் 500 ஓம் பிரிசெட் ஒன்றைத் தொடராக வைத்தேன். பிரிசெட் ஒரு முனையில் இருக்கும்போது 9.06 வோல்ட், மறுமுனையில் 11.67 வோல்ட். தேவையான வீச்சு முழுவதும் திருகின் ஒரு முழுத் திருப்பத்துக்குள் அடங்கிவிட்டது. உள்ளீட்டில் 0.1 மைக்ரோஃபாரட், வெளியீட்டில் 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் ஆம்பியர் ஃபியூஸ்.

மின்சாரத்தை வேகமாக வெட்டி இணைத்து ஒளியைக் குறைக்கும், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிடபிள்யூஎம் டிம்மரை ஏன் போடவில்லை என்று கேட்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை நெகட்டிவ் பக்கத்தை வெட்டி வெட்டி இணைப்பவை. என் மீட்டரில் பின்னொளியின் எர்த்தும் மற்ற மீட்டர்களின் எர்த்தும் ஒரே செப்புத் தடம். அதை வெட்டினால் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடும். ரெகுலேட்டரோ பாசிட்டிவ் பக்கத்தில் நிற்கிறது, எர்த்தைத் தொடுவதில்லை. பார்க்கிங் விளக்கு சுவிட்சைப் போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் முனை எது என்று டெஸ்ட் லேம்ப்பால் கண்டுபிடித்து, அந்த ஒரு முனையை மட்டும் கப்ளரிலிருந்து உருவி, ரெகுலேட்டரை இடையில் சேர்த்தேன். வண்டியின் ஹார்னஸில், அதாவது வயர்க்கட்டில், எங்கும் வெட்டவில்லை; வேண்டாமென்றால் முனையைத் திரும்பச் செருகினால் பழையபடி ஆகிவிடும்.

கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று: எல்எம்317இன் உலோக முதுகு எர்த் அன்று, அது வெளியீட்டோடு இணைந்தது. பழக்கதோஷத்தில் அதை வண்டியின் உடம்பில் நேரே திருகினால் வெளியீடு எர்த் ஆகிவிடும். மைக்கா தாளும் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்து ஒரு சிறிய அலுமினியத் தகட்டில் பொருத்தி, மல்டிமீட்டரால் முதுகுக்கும் தகட்டுக்கும் இடையே இணைப்பு இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டேன். அது வெப்பமாக வீணடிப்பது கால் வாட்டை ஒட்டிய அளவே என்பதால் தகடு கட்டாயமில்லை. ஆயினும் கத்திரி வெயிலில் நின்ற வண்டியின் டேஷ்போர்டுக்குள் கை வைத்தவர்களுக்கு அந்தத் தகடு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது எலெக்ட்ரீஷியன் அண்ணன் தொடாதே என்ற பல்புக்கு வருகிறேன். பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு, சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைகிறது. பார்ப்பதற்கு அது ஓர் எச்சரிக்கை விளக்கு மட்டுமே. ஆனால் மின்சாரம் ஓடும் பாதையைப் பாருங்கள்: பேட்டரியிலிருந்து சாவி வழியாக இந்தப் பல்புக்கு வந்து, பல்பைக் கடந்து ஆல்டர்னேட்டருக்குள் சென்று, சுழலும் ரோட்டரின் சுருளுக்குள் புகுந்து எர்த் ஆகிறது. ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் கிடையாது. சுருளில் முதலில் கொஞ்சம் மின்சாரம் ஓடினால்தான் அது காந்தமாகும், காந்தமானால்தான் மின்சாரம் பிறக்கும். அந்த முதல் கொஞ்சத்தை ஊட்டுவது இந்தப் பல்பு. மின்சாரம் பிறந்ததும் ஆல்டர்னேட்டர் தன் சுருளுக்குத் தானே ஊட்டிக்கொள்கிறது. பல்பின் இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் பல்பு அணைகிறது. சோறு வடிக்குமுன் அடுப்பில் வைக்கும் சுள்ளியைப் போன்றது அதன் பங்கு.

3.4 வாட் பல்பு 280 மில்லிஆம்பியர் வரை விடக்கூடியது. ஒற்றைச் சில்லு சிவப்பு எல்.இ.டி. விடுவது இருபதுக்குள். என் வண்டியில் இதன் விளைவு என்ன என்பதைப் பார்க்கவே, அந்த இடத்தில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யைச் செருகி, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு எஞ்சினை எழுப்பினேன். ஐடிலில் மீட்டர் 12.2 வோல்ட்டைக் காட்டியது. சிவப்பு விளக்கும் அணையவில்லை. ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்த பிறகே, ரோட்டரின் இரும்பில் எஞ்சியிருந்த காந்தம் வேகத்தால் போதுமான மின்சாரத்தைப் பிறப்பித்து, 14.1க்குத் தாவியது. அதன்பின் ஐடிலிலும் அங்கேயே நின்றது. பழைய பல்பைத் திரும்பச் செருகியதும், எஞ்சின் எழுந்த நொடியிலேயே 14ஐத் தாண்டியது. மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், மின்விசிறி எல்லாம் ஓட, ரயில்வே கேட்டில் எஞ்சினை அணைத்து மீண்டும் எழுப்பி மெல்ல ஊர்ந்து செல்லும் ஒருவர், பேட்டரி சார்ஜ் ஆகிறது என்று நம்பிக்கொண்டே அதை வற்றவைத்துக்கொண்டிருக்கக் கூடும். எல்லா ஆல்டர்னேட்டர்களும் இதே அளவுக்குப் பல்பை நம்பியிருப்பதில்லை. உள்ளேயே வேறு வழியில் ஊட்டிக்கொள்பவையும் உண்டு. ஆகையால் மாற்ற விரும்புபவர் மல்டிமீட்டரால் அளந்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.

எல்.இ.டி.க்கு இணையாக 47 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றைச் சேர்த்துப் பல்பின் மின்னோட்டத்தை ஈடுசெய்யலாம் என்பது அறியப்பட்ட வழி. 12 வோல்ட்டில் அது 255 மில்லிஆம்பியர் விடும். சரியாகவே வேலை செய்யும். ஆனால் எஞ்சின் ஓடாமல் சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் மூன்று வாட் வெப்பம் அந்தப் பிளாஸ்டிக் தாளின் அருகே எழும். ஓட்டும்போது எரியவே எரியாத ஒரு பல்பை மாற்றி, அதற்குப் பதிலாக ஒரு சூட்டுக்கட்டையை வைப்பதில் ஆதாயமில்லை என்பது என் முடிவு. பல்பே இருக்கிறது, புதிதாக ஒன்று, சுத்தம் செய்த ஹோல்டரில்.

இதே வகையைச் சேர்ந்த இன்னொன்று, சில வண்டிகளில் பெட்ரோல் குறையும்போது எரியும் மஞ்சள் விளக்கு. தொட்டிக்குள் ஒரு தெர்மிஸ்டர் பெட்ரோலில் மூழ்கியிருக்கும். பல்பின் மின்சாரம் அதன் வழியாகவே ஓடும். பெட்ரோல் அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும்வரை தடை அதிகம், பல்பு எரியாது. பெட்ரோல் இறங்கித் தெர்மிஸ்டர் வெளியே தெரிந்ததும் அது சூடாகி, தடை குறைந்து, பல்பு எரிகிறது. அங்கே எல்.இ.டி. வைத்தால், தெர்மிஸ்டரைச் சூடாக்கும் அளவுக்கு மின்சாரம் ஓடாது. மூழ்கியிருக்கும்போது கசியும் சிறு மின்சாரத்திலேயே எல்.இ.டி. மங்கலாக எரிந்துகொண்டும் இருக்கக் கூடும். ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகளைக் கணினி கண்காணிக்கும் வண்டிகளிலும் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

மற்றவை எளியவை. ஆயில் பிரஷர், பிரேக் விளக்குகள் வெறும் சுவிட்ச் வழியாக எர்த் ஆகின்றன. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி.யையே போட வேண்டும், வெள்ளை போட்டால் நிறம் வெளிறித் தெரியும். எச்சரிக்கை விளக்கு ஃபியூஸாகி, யாரும் கவனிக்காமல் ஆயில் இல்லாது எஞ்சின் ஓடுவதைவிட, நீண்ட ஆயுள் கொண்ட எல்.இ.டி. அங்கே இருப்பதை விரும்புகிறேன். இண்டிகேட்டர் அம்புகளுக்கு என் வண்டியில் இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று எனத் தனித்தனிப் பல்புகள். வெளியே இருக்கும் 21 வாட் பல்புகளை மாற்றாதவரை, விளக்கை மினுக்கவைக்கும் ஃபிளாஷரின் வேகம் மாறாது. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பல்பு உள்ள வண்டிகளில் மின்சாரம் ஒரு முறை இப்படியும் மறுமுறை அப்படியும் ஓடும் என்பதால், சாதாரண எல்.இ.டி. ஒரு பக்கத்துக்குத்தான் எரியும். இருதிசையிலும் எரியும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஹைபீமின் நீல விளக்கையும், எஞ்சின் செக் விளக்கையும் பல்பாகவே விட்டுவிட்டேன், நீல எல்.இ.டி. நேராகக் கண்ணில் குத்தும்.

திரும்பப் பூட்டும்போது முகப்பை விரலால் தொடக் கூடாது, விரல் ரேகையின் எண்ணெய் பின்னொளியில் தெரியும். முள்ளைக் கையால் நகர்த்தவும் கூடாது. ஹோல்டர் கால்களிலும் கப்ளர் முனைகளிலும் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லியதாகப் பூசினேன். ஸ்பீடோ கேபிள் கிளிக் என்று உட்கார்ந்த பிறகு, முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி முதல் கியரில் மெல்லச் சுழலவிட்டு முள் எழுகிறதா என்று பார்த்துவிட்டே மூடியைப் போட்டேன்.

பிரிசெட்டை இறுதியாக நிறுத்தியது பட்டறையில் அல்ல, சாலையில். புதுச்சத்திரம் தாண்டி விளக்கில்லாத இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, சில நிமிடம் இருட்டைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிய பின், முன்கண்ணாடியில் மீட்டரின் பிரதிபலிப்பு மறையும்வரை ஒளியை இறக்கினேன். அந்த இடத்தில் வெளியீடு 10 வோல்ட்டை ஒட்டி நின்றது. நகரத் தெருவில், தெருவிளக்குகளுக்குக் கீழே இந்த அளவு குறைவாகத் தோன்றலாம். ஆனால் அங்கே மீட்டரைப் படிக்கத் தெருவிளக்கே போதும். அப்பா இப்போது இரவில் வேகத்தைக் கேட்டு என் பக்கம் திரும்புவதில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மீட்டரை ஒருமுறை கழற்றிப் பார்த்தேன். கிரீஸ் பூசிய ஹோல்டர்களின் கால்கள் போட்ட நிறத்திலேயே இருந்தன. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே கிரீஸ் பூசாமல் விட்டிருந்த ஹைபீம் ஹோல்டரின் கால்களில் பச்சை மீண்டும் தொடங்கியிருந்தது. அதையும் துடைத்து, கிரீஸ் பூசித் திருப்பி மாட்டினேன். ஏசி கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பின்னால் இருக்கும் சிறிய பல்புகள் மட்டும் பாக்கி. அவற்றுக்கான வயரையும் இதே ரெகுலேட்டரிலிருந்து எடுக்க ஒரு முனையை ஏற்கெனவே வெளியே விட்டு, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மூடி வைத்திருக்கிறேன்.